எட்டு மடங்கு வேகம்

செஸ் எனக்குப் பிடிக்காது. குதிரை ஏன் கோணலாகப் போகிறது, ராஜா ஏன் ஒரு கட்டம் நகர்வதற்குள் மூச்சு வாங்குகிறான் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள், மண்டையில் ஏறவில்லை. ஏறவும் வேண்டாம். மனுஷன் ஆடினாலாவது பரவாயில்லை. கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் ஆடுவதை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற இரண்டு பைத்தியங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவள் நான். ஒன்று நான் கட்டிக்கொண்டது. இன்னொன்று கூடப் பிறந்தது.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் கம்பெனியில் இருந்தார். லிஃப்டுக்கு மேலே ஓர் இரும்புப் பெட்டி இருக்குமாமே, எந்த மாடியில் நிற்க வேண்டும், கதவை எப்போது திறக்க வேண்டும் என்று முடிவு செய்வது, அதற்குள் ஓடுகிற புரோகிராமை எழுதுவது அவர் வேலை. நாள் முழுக்க அதை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து செஸ் ஆடுகிற புரோகிராம் எழுதுவார். அதற்குக் கொக்கு என்று பேர் வைத்திருந்தார். ஒற்றைக் காலில் நின்று காத்திருந்து கொத்துமாம். என் தம்பி ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறான். அவனும் ஒன்று எழுதினான். அதன் பேர் சிறுத்தை. பூனைக்குட்டிக்கு வைத்த பேரைப் பார் என்று நான் சிரிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் போட்டி ஆரம்பிக்கும். கொக்கு எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியில், சிறுத்தை தம்பி வீட்டுப் பெட்டியில். நடுவில் இன்டர்நெட். பத்து ஆட்டம் முடிய விளக்கு வைக்கிற நேரமாகிவிடும். இருவரும் எதையும் தொட மாட்டார்கள். இங்கே இவர் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார், அங்கே அவன் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பான். ஊர் உலகத்தில் ஆம்பிளைகள் ஞாயிற்றுக்கிழமை ஒரு தூக்கமாவது போடுவார்கள்.

இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே மாதிரி பார்த்து வாங்கினார்கள். எதையும் மாற்றக் கூடாது என்று பேச்சு. ஏன் இந்தக் கூத்து என்று இவரிடம் கேட்டேன்.

"புரோகிராம் என்னம்மா பண்ணும்? நான் இங்க வச்சா அவன் எங்க வைப்பான், அதுக்கு நான் எங்க வைப்பேன்னு பார்த்துக்கிட்டே போகும். பெட்டி வேகமா இருந்தா அதே ஒரு நிமிஷத்துல இன்னும் தூரம் பார்க்கும். மட்டமா எழுதின புரோகிராமைக்கூட வேகமான பெட்டியில போட்டா நல்ல புரோகிராமை அடிச்சுடும். அப்போ ஜெயிச்சது எழுதினவன் மூளையா, பெட்டியா? சொல்லு."

"பெட்டிதான்."

"அதான். பெட்டி ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் மூளையை அளக்க முடியும்."

மூளையை அளப்பது. அந்த வார்த்தை அவருக்குச் சும்மா வரவில்லை. அவர் அப்பா நில அளவையில் இருந்தவர், கணக்கில் புலி. ஐம்பதைத் தாண்டியதும் மறக்க ஆரம்பித்தார். முதலில் குடையையும் கண்ணாடியையும் வைத்த இடம், பிறகு வீட்டுக்கு வரும் வழி, பிறகு பிள்ளையின் முகம். கடைசியில் வாயில் வைத்த சோற்றை விழுங்க வேண்டும் என்பதே மறந்துபோய் உட்கார்ந்திருப்பார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, ராத்திரி கதவைப் பிராண்டும்போது கூட நிற்பது, எல்லாம் என் வீட்டுக்காரர்தான் செய்தார். ஒரு முகச்சுளிப்பு கிடையாது. அப்பா போன பிறகு அழவும் இல்லை. அவருக்கே ஐம்பது நெருங்கியபோதுதான் ஒருநாள், கொக்கு ஜெயித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளையாட்டு போலச் சொன்னார்:

"மச்சானை நான் ஜெயிக்கிற வரைக்கும் என் தலை சரியா இருக்குன்னு அர்த்தம். தோக்க ஆரம்பிச்சா நீ உஷாராயிடு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போட்டி முடிகிற நேரத்தில் நானும் அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். செஸ் தெரியாவிட்டால் என்ன, யார் ஜெயித்தது என்று கேட்கத் தெரியாதா?

ஜெயித்தது பெரும்பாலும் கொக்குதான். பத்துக்கு ஆறு, சில வாரம் ஏழு. தம்பி போனில் உர்ரென்று பேசுவான். பாவம், அவனுக்கும் சின்ன வயதிலிருந்து இந்தக் கஷ்டம் உண்டு. எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் "மாமாவைப் பார்த்துக் கத்துக்கோ" என்பார்கள். அம்மா சொல்வாள், அப்பா சொல்வார், நானும் சொல்வேன். என் புருஷனைப் பெருமை பேசுவதற்கு எனக்கு வேறு யார் கிடைத்தார்கள்?

அந்த வருஷம் மழைக்காலத்தில் இவர் கொக்குக்குள் புதிதாக ஒன்று வைத்தார். மாசக்கணக்கில் யோசித்தது. ராஜாவைச் சுற்றி எந்தக் காய் எவ்வளவு தள்ளி நின்றால் எவ்வளவு ஆபத்து என்று கொக்குக்குப் புரியவைக்கிற விஷயம். சாப்பாட்டு மேஜையில் உப்பு பாட்டிலை ராஜாவாக்கி, நான் மருந்துக்கடையிலிருந்து கொண்டுவந்த காலி மாத்திரை டப்பாக்களைச் சுற்றி நிறுத்தி எனக்கு விளக்கினார். மருந்துக்கடையில் பத்து வருஷமாக மருந்து எடுத்துக் கொடுப்பவள் நான், டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் என் கண் போனது. ஆனால் அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. "இது நான் எழுதினதுலயே நல்லது" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொக்கு எட்டு ஆட்டம் தோற்றது.

"புதுசா வச்சது தப்பு போல" என்றார். எடுத்துவிட்டார். அடுத்த வாரமும் தோற்றது. அதற்கு முன்னால் சேர்த்ததையும் எடுத்தார். மறுபடி தோற்றது. கூரை எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் ஓடு ஓடாகப் பிரித்துப் போடுகிற மாதிரி, எட்டு வருஷமாகக் கட்டியதை வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்துப் போட்டார். எடுத்ததைப் பத்திரப்படுத்தவும் மாட்டார். தோற்றதை எதற்கு வைத்துக்கொள்வது என்பார். புதிதாக எழுதிப் போட்டதும் தோற்றது. நல்லதாக எழுதினாலும் தோற்றது, கெட்டதாக எழுதினாலும் தோற்றது. எது நல்லது என்று பிரித்துப் பார்க்கவே அவருக்கு வழியில்லாமல் போயிற்று.

"பெட்டி பழசாயிடுச்சோ என்னவோ" என்று ஒருமுறை சொன்னேன்.

"அவன் பெட்டிக்கும் அதே வயசுதானே? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்தக் கதை எனக்கு வேண்டாம்மா."

"அவன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"என்னன்னு கேக்கச் சொல்றே? ஏமாத்துறியா மச்சான்னா? அவன் சட்டைப் பையில கையை விட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கு."

அவர் கேட்கவில்லை. நான் கேட்டேன். போன் போட்டு, "ஏண்டா, எப்படிடா திடீர்னு இப்படி அடிக்கிறே?" என்றேன்.

"ஏன், எப்பவும் மாமாவேதான் ஜெயிக்கணுமா? நானும் கொஞ்சம் கத்துக்கிட்டேன்க்கா."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குள் ஒரு ஓரத்தில் சந்தோஷம்கூட வந்தது. பூனைக்குட்டி பரவாயில்லையே என்று நினைத்தேன். சதை ஆடத்தானே செய்யும்.

இவர் கொஞ்சம் கொஞ்சமாக மாறினார். கேஸை மூடிவிட்டோமா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பார். பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்தார் ஒருநாள். குடையை விடாத ஆள் உலகத்தில் உண்டா? முன்பெல்லாம் வருஷத்துக்கு இரண்டு குடை தொலைப்பவர், சிரித்துக்கொண்டே திட்டு வாங்குவார். இந்த முறை வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "அப்பாவும் முதல்ல குடையைத்தான் விட்டார்" என்றார். ஸ்கூட்டரை விற்கச் சொன்னார். பேசும்போது வார்த்தை தவறிவிடுமோ என்று பயந்து பேச்சைக் குறைத்தார். பேசாமல் இருப்பதைப் பார்த்து ஆபீசில், "சார் ஏன் ஒரு மாதிரி ஆயிட்டாரு?" என்றார்கள். அது அவர் காதில் விழுந்தது.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கடிகாரம் வரையச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், ஐந்து சாமான் பேரைச் சொல்லிவிட்டுக் கடைசியில் திருப்பிக் கேட்டார். எல்லாம் சரியாகச் செய்தார் என் மனுஷன். "இப்போதைக்கு ஒண்ணும் தெரியலை. எதுக்கும் ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை வாங்க" என்றார் டாக்டர். நல்ல டாக்டர்தான். ஆனால் அந்த இப்போதைக்கு என்ற வார்த்தையை அவர் விழுங்கியிருக்கலாம்.

"அப்பாவுக்கும் ஒரு வருஷம் இப்போதைக்குதான் சொன்னாங்க" என்றார் இவர், படியிறங்கும்போது.

பிறகு வேலையை விட்டார். என்னிடம் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சொன்னார். நான் ஆடிய ஆட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"யாரைக் கேட்டு விட்டீங்க? டாக்டர் நல்லா இருக்கீங்கன்னு சொல்லலையா? ஒரு பொம்மை ஆட்டத்துல தோத்ததுக்கு யாராவது வேலையை விடுவாங்களா?"

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "கத்தாதே. நான் ஒரு எழுத்தைத் தப்பா போட்டா என்ன ஆகும் தெரியுமா? கதவு திறக்கும். உள்ளே லிஃப்ட் இருக்காது. யாரோ ஒருத்தர் குழந்தையைத் தூக்கிக்கிட்டுக் காலை வைப்பாங்க" என்றார்.

வேலையில்லாத நாட்களில் சில சமயம் என் கடைக்கு வந்து நிற்பார். ஒருநாள் நான் வேறொருவருக்குச் சில்லறை கொடுத்துவிட்டுத் திரும்பினால், மறதி நோய்க்குக் கொடுக்கிற மாத்திரை அட்டையைக் கையில் வைத்துப் பின்பக்கம் இருந்ததைப் படித்துக்கொண்டிருந்தார். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். "இது உங்களுக்கு இல்லை" என்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இவ்வளவுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியை மட்டும் அவர் விடவில்லை. அடி வாங்கவென்றே போய் உட்காருவதுபோல் உட்காருவார். பெட்டியின் ஃபேன் லாரி மேடு ஏறுவதுபோல் கத்தும். சாயங்காலம் எழுந்து வந்து, "இன்னிக்கும்" என்பார். அவ்வளவுதான்.

இரண்டு மழைக்காலம் போனது. தம்பி பெண்டாட்டி பாத்ரூமில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருந்தாள். சமைத்துக் கொடுக்க ஆளில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். சமையலை முடித்து, தம்பிக்கு டீ எடுத்துக்கொண்டு அறைக்குள் போனால், அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். போட்டி நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அறையில் சத்தமே இல்லை. மின்விசிறி சுற்றுவதுகூடக் கேட்கிறது. எங்கள் வீட்டில் போட்டி நடந்தால் குக்கர் விசில் காதில் விழாது.

டீயைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பிப் போய் அவளிடம் கேட்டேன். "ஏன்டி, உங்க பெட்டி கத்தவே இல்லையே?"

"இது எப்படிக்கா கத்தும்? கத்துனது பழசு. அது இடி விழுந்தப்பவே கருகிப் போச்சே, போன மழைக்கு முந்தின மழையில. இது வேற" என்றவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "ஏன்க்கா, மாமாகிட்டச் சொல்லிட்டேன்னு சொன்னாரே?"

நான் மறுபடி அறைக்குள் போனேன். அந்த டீயைப் பெட்டியின் தலையில் ஊற்றியிருப்பேன். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அதனால் ஊற்றவில்லை.

"இது எத்தனை மடங்கு வேகம்டா?"

அவன் திரும்பிப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"எட்டு மடங்கு இருக்கும்."

"எட்டு மடங்குன்னா என்ன? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு."

"சிறுத்தையையே ரெண்டு பெட்டியிலயும் போட்டு மோதவிட்டா, இதுல இருக்கிற சிறுத்தை அதுல இருக்கிற சிறுத்தையைப் பத்துக்கு ஏழு, எட்டு அடிக்கும்."

"அப்போ நீ கத்துக்கிட்டேன்னு சொன்னது?"

"ஒண்ணும் கத்துக்கலைக்கா. சிறுத்தையில ஒரு வரிகூட நான் மாத்தலை."

அறைந்தேன். நாற்பது வயது ஆள், பெண்டாட்டி அடுத்த அறையில் காலை நீட்டிப் படுத்திருக்கிறாள், அறைந்தேன். கன்னத்தைத் தடவிக்கொண்டு தலையைக் குனிந்தபடியே சொன்னான்.

"முதல் வாரமே சொல்லலாம்னுதான் இருந்தேன். அன்னிக்குப் பார்த்து ஜெயிச்சுட்டேன். மாமா போன் பண்ணி, பிரமாதம் மச்சான்னு சொன்னார்க்கா. என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு விட்டேன். அடுத்த வாரம் இன்னும் கஷ்டமாயிடுச்சு."

"அவர் ஏன் வேலையை விட்டார்னு தெரியுமாடா உனக்கு?"

"உடம்பு சரியில்லைன்னு..."

சொன்னேன். குடை, ஸ்கூட்டர், மாத்திரை அட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அழுத அழுகையைக் கேட்டு அவள் உள்ளேயிருந்து, "என்னாச்சு, என்னாச்சு" என்று கத்தினாள். திரையில் சிறுத்தை ஜெயித்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்றே தெரியாது. பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன் போலிருக்கிறது, பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்து உட்கார்ந்தாள். கூடம் கோணல்தான், கூடம் கோணல்தான் என்று எனக்குள் குதித்துக்கொண்டு வந்தேன். இவர் தலைக்கு ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. அந்த மழைக்காலத்திலும் ஒன்றும் இல்லை, இப்போதும் ஒன்றும் இல்லை. கதவைத் திறந்ததும் செருப்போடு நின்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அப்படியா" என்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதிர்ச்சியில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். சாப்பாட்டு மேஜையில் வைத்தான். கொக்கையும் சிறுத்தையையும் அதே ஒரு பெட்டியில் போட்டான். ஒன்று யோசிக்கும்போது மற்றது சும்மா இருக்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே நேரம், ஒரே வேகம். இதற்குமேல் நியாயம் கிடையாது என்றான். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களோடு உட்கார்ந்தார். நான் செஸ் தெரியாதவள், அன்றைக்கு ஒவ்வொரு காய் நகரும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன்.

கொக்கு ஆறு ஜெயித்தது. இரண்டு டிரா.

"பாருங்க மாமா! நீங்க அவ்வளவு பிடுங்கி எறிஞ்ச பிறகும் ஆறு! அந்த ராஜா விஷயமும் இருந்திருந்தா நான் காலி. தப்பெல்லாம் என்மேல. உங்களுக்கு ஒண்ணுமில்லை மாமா" என்று அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான் தம்பி. நான் சத்தமாகச் சிரித்தேன், கைகூடத் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

இவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபமில்லை. குழந்தைகள் கிறுக்கிக் கொண்டுவந்து காட்டிய படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றார். "எங்கப்பாவோட கடைசி வருஷம் தினமும் அவரோட நான் செஸ் ஆடுவேன். நீ கடைக்குப் போயிருப்பே, உனக்குத் தெரியாது. காய் எப்படி நகரும்னே மறந்துபோச்சு அவருக்கு. குதிரையை நேரா ஓட்டுவார். நான் என் ராணியைக் கொண்டுபோய் அவர் முன்னாடி வைப்பேன். எடுத்துட்டு, ஜெயிச்சுட்டேனான்னு கேப்பார். ஜெயிச்சுட்டீங்கப்பா, உங்களுக்கு ஒண்ணுமே இல்லை, எல்லாம் டாக்டருங்க தப்புன்னு சொல்லுவேன். அன்னிக்குப் பூரா நல்லா இருப்பார்."

நான் எழுந்துபோய் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயோ, இது அது இல்லைங்க! அவன் நிஜமாவே பெட்டியை மாத்தினான். அவன் பொண்டாட்டியைக் கேளுங்க!"

"அவளும் சொல்லுவா. நல்ல பொண்ணு."

"அப்போ நீங்களே பாருங்க மாமா" என்று தம்பி திரையைத் திருப்பினான். "சிறுத்தையைத் திறந்து காட்டறேன். வரி வரியாப் படிச்சுப் பாருங்க. பெட்டியோட வேகத்தை நீங்களே அளந்து பாருங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"படிப்பேன் மச்சான். படிச்சா எல்லாம் சரியா இருக்கிற மாதிரிதான் எனக்குத் தோணும். அப்பாவுக்கும் குதிரை நேராப் போறது சரியாத்தான் தோணுச்சு." அவர் அவன் தோளைத் தட்டினார். "எனக்காக இனிமே தோக்காதே. கேட்டியா? அது மட்டும் வேண்டாம்."

எழுந்து போய்த் தன் பழைய பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். பிடுங்கிவிட்டு, மழை வரும்போல இருக்கிறது, துணியை எடுத்துவிடு என்றார். மழை வரத்தான் செய்தது.

நான் போய்த் துணியை எடுத்தேன். என் வாழ்க்கையில் கத்த வேண்டிய நேரம் அதுதான். சமாதானம் சொல்லச் சொல்ல, அது நோயாளிக்குச் சொல்கிற சமாதானமாகவே அவர் காதில் போய் விழுகிறது. சொல்லாமல் விட்டால், சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆகிறது. எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். தெருமுனை வரை கூடப் போனேன். மழையில் நனைந்துகொண்டு இருவரும் ஆட்டோவுக்கு நின்றோம். அங்கே நின்றபோதுதான் அந்தப் புழு என் மனதிலும் நுழைந்தது. நான் வேண்டாம் என்றுதான் நினைத்தேன், வாய் கேட்டுவிட்டது.

"டேய். இன்னிக்குச் சிறுத்தையைக் கொஞ்சம் மட்டம் பண்ணிட்டு வந்தியா? உண்மையைச் சொல்லு. நான் அவர்கிட்டச் சொல்ல மாட்டேன்."

"அக்கா! சத்தியமா இல்லைக்கா. என் பொண்டாட்டி மேல ஆணையா இல்லை."

ஈரத்தில் அவன் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல் இருந்தது. உண்மையைத்தான் சொல்கிறான் என்று தோன்றியது. ஆனால் "நானும் கொஞ்சம் கத்துக்கிட்டேன்க்கா" என்று சொன்னதும் இதே வாய்தான். அன்றைக்கும் உண்மைபோலத்தான் இருந்தது. இரண்டு வருஷம் பொய் சொன்னவனின் சத்தியத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்கு வரி வரியாகப் படித்துப் பார்க்கவும் தெரியாது. ஆட்டோ வந்தது. அவன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சத்தம் இல்லை. இவர் பேப்பர் படிக்கிறார், காய்கறி நறுக்கிக் கொடுக்கிறார், மத்தியானம் தூங்குகிறார். ஊர் ஆம்பிளைகள்போல ஆகிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். நான்தான் மாறிப்போனேன். அவர் அடுக்களைக்குள் வந்து ஒரு நிமிஷம் சும்மா நின்றால், எதற்கு வந்தோம் என்பதை மறந்துவிட்டாரோ என்று ஓரக்கண்ணால் பார்க்கிறேன். ஒரே கதையை இரண்டு முறை சொன்னால் எண்ணிக்கொள்கிறேன். முன்பும் அவர் எல்லாக் கதையையும் இரண்டு முறைதான் சொல்வார். அப்போது நான் எண்ணியதில்லை.

போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது, சோற்றைப் பிசைந்த கை அப்படியே நிற்க, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோசனையாக இருக்கலாம். எத்தனையோ தடவை அப்படி உட்கார்ந்து கொக்கைப் பற்றி யோசித்திருக்கிறார், நான் சாப்பாட்டைக் கவனியுங்கள் என்று அதட்டியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அதட்ட வரவில்லை. எனக்கே தெரியாமல், குழந்தையிடம் பேசுகிற குரலில் கேட்டுவிட்டேன்.

"ஏங்க, இன்னிக்கு என்ன கிழமை?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. புரிந்ததை நான் பார்த்தேன். அதற்குமேல் எதையும் திருப்பி எடுக்க முடியாது.

"வியாழன்" என்றார் மெதுவாக. பிறகு, என் முகத்தையே பார்த்தபடி, "சரியாச் சொன்னேனா?" என்று கேட்டார்.